மூன்று ஷிப்டுகளும் ஒரு பட்டயமும்

"தொழிலாளி படிக்க விரும்பினால் யார் தடுக்கிறார்கள்? மாலைக் கல்லூரி இருக்கிறது, பகுதிநேரப் பட்டயம் இருக்கிறது, இப்போது ஏஐசிடிஇ நெகிழ்வான நேரத்தில் வகுப்பு நடத்தவும் அனுமதி கொடுத்துவிட்டதே!" முதலாளிகள் சங்கங்களின் மேடைகளில் இந்தப் பேச்சைக் கேட்டால் நாம் வியப்படையப் போவதில்லை. ஆனால் நமது தொழிற்சங்கக் கூட்டங்களிலும் இதே தொனி சில வேளைகளில் ஒலிக்கிறது. படிப்பது அவரவர் சொந்த விவகாரம், அதற்கும் கோரிக்கைப் பட்டியலுக்கும் என்ன தொடர்பு என்று கேட்கிற தோழர்கள் இருக்கிறார்கள். அந்தத் தொடர்பைக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம். அதற்குத் தத்துவத்தைவிட முதலில் தேவைப்படுவது கொஞ்சம் கணக்கு.

ஐடிஐ முடித்த ஒரு ஃபிட்டரை எடுத்துக்கொள்வோம். ஃபரிதாபாத்திலோ, புனே அருகே பிம்ப்ரியிலோ, ஜாம்ஷெட்பூரிலோ அவர் வேலை செய்யட்டும், கணக்கு மாறாது. ஆலையில் மூன்று ஷிப்டுகள்: காலை 6 முதல் பிற்பகல் 2 வரை, 2 முதல் இரவு 10 வரை, 10 முதல் மறுநாள் காலை 6 வரை. வாரத்திற்கு ஒரு ஷிப்டு என்று சுழற்சி. மாலை 6 முதல் 9 வரை நடக்கும் பகுதிநேர இயந்திரவியல் பட்டய வகுப்பில் அவர் சேருகிறார். முதல் ஷிப்டு வாரத்தில் விடியலுக்கு முன் எழுந்து, எட்டு மணி நேரம் இயந்திரத்தின் முன் நின்று, மாலையில் வகுப்பில் உட்காருகிறார். மூன்றாம் ஷிப்டு வாரத்தில் பகலில் அரைத்தூக்கம் தூங்கி, மாலையில் வகுப்பு முடித்து, அங்கிருந்தே சாப்பாட்டு டப்பாவுடன் இரவு வேலைக்குப் போகிறார். இரண்டாம் ஷிப்டு வாரத்தில் அவரால் கல்லூரி வாசலையே மிதிக்க முடியாது.

18 வாரங்கள் கொண்ட ஒரு பருவத்தில், வாரத்திற்கு ஐந்து நாள் வகுப்பு என்றால் மொத்தம் 90 நாட்கள். இரண்டாம் ஷிப்டு விழுங்குவது 6 வாரங்கள், அதாவது 30 நாட்கள். காய்ச்சல் வராமல், ஊரில் சாவு விழாமல், ஒரு நாளும் மிகைநேர வேலைக்கு நிறுத்தப்படாமல் அவர் வகுப்புக்குப் போனாலும் 60 நாட்களைத் தாண்ட இயலாது. அது 66.7 சதவீதம். தேர்வெழுதக் கேட்கப்படுவதோ வழக்கமாக 75 சதவீத வருகை. ஆக, உலகிலேயே மிகுந்த ஊக்கமுள்ள தொழிலாளியும் எட்டு நாட்கள் குறைவாகவே நிற்பார். சில நிறுவனங்களில் அபராதம் கட்டி இந்தக் குறையை மன்னிக்கச் செய்யலாம். அந்தப் பணமும் அவர் கூலியிலிருந்தே போகிறது.

யாரும் தடுக்கவில்லை என்பவர்கள் இந்த எட்டு நாட்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். ஷிப்டு அட்டவணையைத் தயாரிப்பது யார்? சுழற்சியிலிருந்து ஒருவரை விலக்கி நிரந்தரமாக முதல் ஷிப்டில் போடும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது? ஷிப்டு பொறுப்பாளரின் மேசையில் கிடக்கும் அந்த ஒற்றைத் தாள்தான் பட்டயத்திற்கும் தொழிலாளிக்கும் இடையே நிற்கும் சுவர்.

அந்தத் தாள் நிர்வாகத்தின் கையில் இருக்கும்வரை கல்வி ஒரு கடிவாளமாகவே இருக்கும். மாலை வகுப்பில் சேர நிர்வாகத்தின் தடையில்லாச் சான்று வேண்டும். பணிச் சான்று வேண்டும். ஷிப்டு மாற்றத்திற்குத் துறைத் தலைவரின் கருணை வேண்டும். இவற்றைப் பெற்ற தொழிலாளி வாயிற்கூட்டத்திற்கு வரத் தயங்குவதையும், வேலைநிறுத்த நாளில் வாயிலைத் தாண்டி உள்ளே போவதையும் பார்த்திருக்கிறோம். அவரைக் கருங்காலி என்று ஏசுவது எளிது. அவருக்குச் சங்கம் என்ன வாங்கிக் கொடுத்தது என்று திரும்பிக் கேட்டால் நம்மிடம் பதில் இருக்கிறதா? உரிமையாக வந்திருக்க வேண்டிய ஒன்று சலுகையாக வரும்போது, அது யார் கையிலிருந்து வருகிறதோ அவர் பக்கமே மனிதனைச் சாய்க்கும்.

ஏஐசிடிஇயின் பெருந்தன்மை

அகில இந்திய தொழில்நுட்பக் கல்வி கவுன்சில் 2023இல் வெளியிட்ட நெறிமுறைகளைப் பெரும் சீர்திருத்தமாக ஒன்றிய அரசின் ஊதுகுழல்கள் கொண்டாடின. பணியில் இருப்பவர்கள் பட்டயமும் பட்டமும் படிக்கக் கல்லூரிகள் தமக்கு ஏற்ற நேரத்தில் வகுப்பு நடத்தலாம் என்பது அதன் சாரம். யார் சேரலாம்? பதிவு செய்யப்பட்ட நிறுவனத்தில், முழுநேர அல்லது நிரந்தரப் பணியில், குறைந்தது ஓராண்டு அனுபவம் பெற்றவர். அந்த நிறுவனமும் கல்லூரியிலிருந்து 50 கிலோமீட்டர் சுற்றளவுக்குள் இருக்க வேண்டும்.

இந்த நிபந்தனைகளை ஒரு தொழிலாளியின் கண்ணால் வாசித்துப் பாருங்கள். அரசே நடத்தும் ஆண்டுத் தொழிற்சாலைக் கணக்கெடுப்பின்படி, ஒழுங்கமைக்கப்பட்ட ஆலைகளில் வேலை செய்யும் தொழிலாளர்களில் பத்துக்கு நான்கு பேர் ஒப்பந்தக்காரர் மூலம் அமர்த்தப்பட்டவர்கள். அவர்களுக்கு ஆலை பணிச் சான்று தராது. தந்தால் தானே முதலாளி என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். ஒப்பந்தக்காரரோ பதினோராவது மாதத்தில் பெயரை நீக்கிவிட்டுப் புதுப் பெயரில் மீண்டும் சேர்ப்பார். "ஓராண்டு அனுபவம்" எப்படி நிரூபணமாகும்? பதிவே இல்லாத பட்டறைகளின் லேத் தொழிலாளர்கள், வெல்டர்கள், ஏசி மெக்கானிக்குகள் ஆகியோரை இந்த நெறிமுறை கணக்கிலேயே எடுக்கவில்லை. தொழில்நுட்பக் கல்வி யாருக்கு மிகவும் தேவையோ அவரை வாசலிலேயே வடிகட்டிவிட்டு, ஏற்கெனவே நிலையான வேலையில் இருப்பவருக்கு மட்டும் கதவைத் திறக்கும் திட்டம் இது.

கல்லூரிகளுக்கு அனுமதி உண்டு. ஆலைகளுக்குக் கடமை எதுவும் இல்லை. தொழிலாளியை வகுப்பு நேரத்திற்கு விடுவிக்க வேண்டும் என்று அந்த நெறிமுறை எந்த முதலாளியையும் கட்டாயப்படுத்தவில்லை. "நெகிழ்வு" என்ற சொல் நமக்குப் புதிதல்ல. தொழிலாளர் சட்டங்களில் அது புகுந்தபோது வளைந்தது யார் முதுகு என்பதை நாம் மறக்கவில்லை. கல்வியிலும் வளைய வேண்டியவர் தொழிலாளியே.

கட்டணத்தைப் பற்றி நீட்டி எழுத வேண்டியதில்லை. தில்லி ஜாமியா மிலியா இஸ்லாமியாவின் பாலிடெக்னிக்கில் பகல் நேரப் பட்டயம் அரசு மானியத்தில் நடக்கிறது. மாலை நேரப் பட்டயம் சுயநிதிப் படிப்பு. பள்ளியிலிருந்து நேராக வரும் மாணவனுக்கு மானியம் கிடைப்பது முற்றிலும் நியாயமே. ஆனால் பகலில் உற்பத்தி செய்து வரி கட்டி மாலையில் படிக்க வருகிறவர் முழுச் செலவையும் தானே ஏற்க வேண்டும் என்பது எந்த ஊர் நீதி? ஒரு மத்தியப் பல்கலைக்கழகத்திலேயே இதுதான் நிலை என்றால் தனியார் கல்லூரிகளைப் பற்றிச் சொல்லவா வேண்டும்?

அடைக்கப்பட்ட ஏணிகள்

இந்த நாட்டில் தொழில்நுட்பக் கல்வியின் வரலாறு இப்படித் தொடங்கவில்லை. வங்கப் பிரிவினையை எதிர்த்த சுதேசி எழுச்சியின்போது 1906இல் கல்கத்தாவில் உருவானது வங்கத் தொழில்நுட்ப நிறுவனம். பிற்காலத்தில் ஜாதவ்பூர் பல்கலைக்கழகமாக வளர்ந்த அந்த மரபில்தான் பணியிலிருக்கும் பட்டயதாரர்களுக்கான மாலை நேரப் பொறியியல் பட்ட வகுப்புகள் நீண்ட காலம் நடந்து வந்தன. கோவையின் பொறியியல் கல்லூரிகளில் பகுதிநேரப் பட்டம் படித்து முன்னேறிய ஆலைத் தொழில்நுட்பப் பணியாளர்களை நம் வாசகர்கள் பலர் நேரில் அறிவார்கள்.

கல்லூரிப் படியே ஏற முடியாதவர்களுக்கு வேறொரு வழி இருந்தது. 1920இல் தொடங்கப்பட்ட இந்தியப் பொறியாளர்கள் நிறுவனம் நடத்திய ஏஎம்ஐஇ தேர்வு அது. ரயில்வே பணிமனையிலும் பொதுப்பணித் துறையிலும் பொதுத்துறை ஆலைகளிலும் வேலை பார்த்த பட்டயதாரர்கள் இரவு விளக்கில் தாமே படித்து, ஒவ்வொரு தாளாகத் தேறி, பட்டதாரிப் பொறியாளருக்கு இணையான தகுதி பெற்றார்கள். அது எளிதான தேர்வு அல்ல. பத்தாண்டுகள் முயன்று பாதியில் விட்டவர்கள் ஏராளம். என்றாலும் வருகைப் பதிவு கேட்காத, ஷிப்டைப் பற்றிக் கவலைப்படாத ஒரே பாதை அதுவாக இருந்தது. 2013 மே 31க்குப் பிறகு சேர்ந்தவர்களுக்கு அந்தத் தகுதி பட்டத்திற்கு இணையாகக் கருதப்படாது என்று ஒன்றிய மனிதவள மேம்பாட்டு அமைச்சகம் முடிவெடுத்தது. ஏணி எடுக்கப்பட்டது, அதற்கு ஈடாக வேறு ஏணி வைக்கப்படவில்லை. அந்த நேரத்தில் ஆட்சியில் இருந்தது காங்கிரஸ் தலைமையிலான அரசு என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இந்த விஷயத்தில் முதலாளித்துவக் கட்சிகளுக்கு இடையே பெரிய கருத்து வேறுபாடு இருந்ததில்லை.

பாதை அடைபட்ட இடத்தில் தரகர்கள் கடை விரித்தார்கள். தொலைதூரக் கல்வியில் பொறியியல் பட்டம் என்று நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் விளம்பரம் செய்தன. ஏஐசிடிஇ ஒப்புதல் இல்லை, ஆய்வகம் இல்லை. ஊருக்கு ஊர் வாடகைக் கட்டடத்தில் படிப்பு மையம் மட்டும் இருந்தது. 2017 நவம்பர் 3 அன்று ஒரிசா நீர்ப்பாசனக் கழக வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நான்கு நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் வழங்கிய பட்டங்கள் குறித்த தீர்ப்பு அது. 2001 முதல் 2005 வரை சேர்ந்தவர்களின் பட்டங்கள் நிறுத்திவைக்கப்பட்டு, ஏஐசிடிஇ நடத்தும் தேர்வில் தேறினால் மட்டுமே திரும்பக் கிடைக்கும் என்றானது. அதன்பின் சேர்ந்தவர்களின் பட்டங்கள் ரத்தாயின. கட்டணத்தைத் திருப்பித் தரச் சொன்னது நீதிமன்றம். கல்வியை விற்பனைச் சரக்காக்கிய நிறுவனங்கள் மீது நீதிமன்றம் காட்டிய கடுமையில் நமக்கு மறுப்பில்லை. ஆய்வகம் காணாத பொறியாளர் பாலம் கட்டக் கூடாது என்பதும் சரியே. ஆனால் அந்தப் பட்டங்களை வாங்கியவர்கள் யார்? பெரும்பாலும் வேலையை விட முடியாத பட்டயதாரர்கள். பல ஆண்டுச் சேமிப்பைக் கொட்டியவர்கள். பதவி உயர்வு கிடைத்தபின் அது பறிபோகும் அச்சத்தில் வாழ்ந்தவர்கள். அவர்களுக்கு நேர்மையான பகுதிநேரப் படிப்பை அரசு கொடுத்திருந்தால் அந்தக் கடைகளுக்கு வாடிக்கையாளர் எங்கிருந்து வந்திருப்பார்?

"சம்பாதித்துக்கொண்டே படி"

இதைவிட மோசமான ஒன்று உண்டு. படிப்பின் பெயரிலேயே உழைப்பைத் திருடும் ஏற்பாடு.

2013இல் ஏஐசிடிஇ 'நீம்' என்ற தேசிய வேலைவாய்ப்புத் திறன் மேம்பாட்டு இயக்கத்தைக் கொண்டுவந்தது. மூன்று மாதம் முதல் மூன்று ஆண்டுகள் வரை இளைஞர்களை ஆலைகளில் 'பயிற்சியாளர்' என்ற பெயரில் வைத்துக்கொள்ளலாம். திறனற்ற தொழிலாளிக்கான குறைந்தபட்சக் கூலி அளவுக்கு உதவித்தொகை கொடுத்தால் போதும். வேலை தர வேண்டிய கடமை இல்லை. இடைத்தரகு நிறுவனங்கள் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் இளைஞர்களைத் திரட்டி வாகன ஆலைகளுக்கு அனுப்பின. வேலையும் கிடைக்கும், பட்டயமும் கிடைக்கும் என்பதே ஆசை வார்த்தை. அசெம்பிளி வரிசையில் நிரந்தரத் தொழிலாளியின் பக்கத்தில் நின்று, அதே போல்ட்டை அதே வேகத்தில் முடுக்கியவர்கள் அவர்கள். சீருடையின் நிறம் மட்டும் வேறு. வருங்கால வைப்பு நிதி கிடையாது. சங்கத்தில் சேர முடியாது. மூன்றாண்டு முடிந்ததும் புதிய அணி வரும், பழைய அணி ஊருக்கு ரயில் ஏறும். அந்தத் திட்டம் பின்னர் கைவிடப்பட்டது. ஆனால் அது சொல்லிக்கொடுத்த பாடத்தை முதலாளிகள் கைவிடவில்லை. 1961ஆம் ஆண்டு தொழிற்பழகுநர் சட்டத்தின் 18ஆவது பிரிவு பழகுநர்களைத் தொழிலாளர்கள் அல்ல என்று முன்பே சொல்லிவைத்திருக்கிறது. 2016 முதல் அவர்களின் உதவித்தொகையில் ஒரு பகுதியை அரசே கட்டுகிறது. முதலாளியின் கூலிச் செலவில் மக்கள் வரிப்பணம் பங்கு போடுகிறது.

பணி செய்துகொண்டே படிப்பதை நாம் எதிர்க்கவில்லை. கல்வியையும் உற்பத்தி உழைப்பையும் இணைப்பது நம் இயக்கத்தின் பழைய கோரிக்கை. 1866இல் முதலாம் அகிலத்தின் ஜெனிவா மாநாட்டுப் பிரதிநிதிகளுக்காக மார்க்ஸ் எழுதிய குறிப்புகளில் அறிவுக் கல்வி, உடற்பயிற்சி, எல்லா உற்பத்தி முறைகளின் பொது அடிப்படைகளையும் கற்பிக்கும் தொழில்நுட்பப் பயிற்சி ஆகிய மூன்றும் சேர்ந்ததே கல்வி என்று வரையறுத்தார். 'சம்பாதித்துக்கொண்டே படி' திட்டங்களில் இதில் எது இருக்கிறது? ஒரே போல்ட்டை மூன்று ஆண்டுகள் முடுக்குபவர் எந்த உற்பத்தி முறையின் எந்த அடிப்படையைக் கற்கிறார்? அந்த வரிசையின் ரோபோவை நிரல்படுத்தும் பெட்டியை அவர் தொடவே கூடாது என்பதுதானே ஆலையின் விதி!

இந்தச் சூழலில் 12 மணி நேர வேலைநாள் வருகிறது. 2023இல் கர்நாடகம் தொழிற்சாலைகள் சட்டத்தைத் திருத்தி அதற்கு வழி திறந்தது. அதே ஆண்டு ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றத்தில் நிறைவேறிய திருத்தத்தை இடதுசாரிகளும் தொழிற்சங்கங்களும் எதிர்த்துப் போராடித் திரும்பப் பெறவைத்தோம். 2025இல் குஜராத் அவசரச் சட்டம் மூலம் அதே பாதையில் இறங்கியது. வாரத்திற்கு 48 மணி நேரம் என்ற உச்சவரம்பு மாறவில்லை, நான்கு நாள் உழைத்தால் மூன்று நாள் ஓய்வு என்று சமாதானம் சொல்கிறார்கள். மிகைநேர வேலையின் வரம்பையும் கூடவே உயர்த்திவிட்டு, அந்த மூன்று நாளும் ஓய்வாகவே கிடக்கும் என்று நம்பச் சொல்கிறார்கள். அதை விடுவோம். மாலை வகுப்பு ஐந்து நாள் நடக்கிறது. நான்கு நாள் பன்னிரண்டு மணி நேரம் உழைப்பவர் நான்கு மாலைகளை இழக்கிறார். முன்பு 66.7 சதவீதமாக இருந்த வருகை இருபதில் நிற்கும். எட்டு மணி நேர வேலை, எட்டு மணி நேர உறக்கம், எட்டு மணி நேரம் நமக்கு என்று கேட்டுத்தான் மே தினத் தியாகிகள் உயிரைக் கொடுத்தார்கள். அந்த மூன்றாவது எட்டு மணி நேரத்தில்தான் மாலைக் கல்லூரி இருக்கிறது. சங்க அலுவலகமும் கட்சிக் கிளையும் அங்கேதான் இருக்கின்றன.

தோழர்களுடன் ஒரு விவாதம்

இப்போது நம் வீட்டுக்குள் வருவோம். பட்டயம் முடித்தவர் சூப்பர்வைசர் ஆகிவிடுகிறார், சங்கத்தை விட்டு விலகிவிடுகிறார், ஆகவே இது வர்க்கத்தை வளர்க்கும் கோரிக்கை அல்ல, வர்க்கத்திலிருந்து தப்பிக்கும் தனிநபர் கனவு என்பது சில தோழர்களின் வாதம். இது முழுக்க அபத்தம் என்று தள்ளிவிட முடியாது. அப்படிப் போனவர்கள் உண்டு. நம்மோடு தோளில் கை போட்டு முழக்கமிட்டவர், வெள்ளைச் சட்டை அணிந்தபின் வாயிலில் முகத்தைத் திருப்பிக்கொண்ட வலி பலருக்கு இருக்கிறது.

ஆனால் எத்தனை பேர் அப்படி உயர்கிறார்கள்? பட்டயம் முடித்துச் சான்றிதழைக் கொடுத்தபின்னும் அதே கிரேடில், அதே இயந்திரத்தில் ஓய்வுபெறும்வரை நிற்பவர்களே மிகுதி. "உள்ளிருந்து பதவி உயர்வு இல்லை, வெளியிலிருந்து பட்டதாரிகளை எடுக்கிறோம்" என்று நிர்வாகம் சொல்லிவிடுகிறது. அவருடைய பட்டயத்தின் அறிவை மட்டும் ஆலை இலவசமாகப் பயன்படுத்திக்கொள்ளும்; பழுதுபட்ட இயந்திரத்தின் முன் அவரைத்தான் கூப்பிடுவார்கள். இவர் தப்பிப் போனவரா, இரண்டு முறை சுரண்டப்பட்டவரா?

இதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. உற்பத்தி இலக்கை உயர்த்த நிர்வாகம் கையில் நிறுத்தற்கடிகாரத்துடன் தொழிற்பொறியாளரை அனுப்பும்போது, ஒரு வேலைக்கு இத்தனை வினாடி என்று அவர் எழுதும் எண்ணை யார் மறுப்பது? அவர் களைப்புக்கு எவ்வளவு சேர்த்தார், கருவி மாற்றும் நேரத்தைக் கணக்கில் எடுத்தாரா, திறமையான ஒருவரின் வேகத்தை எல்லோருக்குமான அளவாக்கினாரா என்று கேட்கப் பணி அளவீடு படித்த ஒருவர் நம் பக்கம் வேண்டும். பிரஸ் இயந்திரத்தின் பாதுகாப்பு உணரியை வேகத்துக்காக முடக்கிவைத்திருப்பதைக் கண்டுபிடிக்க மின்னணுக் கட்டுப்பாடு தெரிந்தவர் வேண்டும். விரல் போனபின் இழப்பீட்டுக்கு வழக்காடுவதில் நாம் தேர்ந்தவர்கள். விரல் போவதற்கு முன் வரைபடத்தை வாசிக்கத் தெரிந்தவர்கள் நம் கமிட்டிகளில் எத்தனை பேர்? தானியங்கி இயந்திரங்கள் வருகின்றன, ஆட்குறைப்பு வருகிறது என்று தீர்மானம் போடுகிறோம். எந்த இயந்திரம், எத்தனை பேரை, எந்த வேலையிலிருந்து அகற்றும் என்று கணக்கிட்டுச் சொல்லும் திறனை நிர்வாகத்தின் ஏகபோகமாக விட்டுவைப்பது எந்த வர்க்கத்தின் நலன்?

மூளை உழைப்பு மேலே, உடலுழைப்பு கீழே என்ற பிரிவினை இந்தியாவில் ஆலையோடு பிறந்ததல்ல. சாதி அதைப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே கட்டிவைத்திருந்தது. கருவியைத் தொடுபவனுக்கு நூல் கிடையாது, நூலைத் தொடுபவன் கருவியைத் தொட மாட்டான் என்ற அந்த ஏற்பாட்டின் மீதே ஐடிஐ, பாலிடெக்னிக், பொறியியல் கல்லூரி என்ற மூன்றடுக்கும் வந்து உட்கார்ந்தது. தலித், பிற்படுத்தப்பட்ட குடும்பங்களிலிருந்து ஐடிஐ வழியாக ஆலைக்கு வந்தவர் இரண்டாம் அடுக்குக்கு ஏற முயலும்போது, "இது தனிநபர் கனவு" என்று நாமும் சொன்னால் அந்தச் சொல் யார் வாயிலிருந்து வருவது போல அவருக்குக் கேட்கும்?

பெண் தொழிலாளர்களின் நிலையை இந்த விவாதத்தில் பெரும்பாலும் யாரும் எடுப்பதில்லை. மின்னணுப் பொருள் ஆலைகளில் ஆயிரக்கணக்கில் இளம்பெண்கள் வேலை செய்கிறார்கள். அவர்களில் பட்டயம் படிக்க விரும்புபவர்கள் குறைவல்ல. இரவு 9 மணிக்கு வகுப்பு முடிந்தால் விடுதிக்குத் திரும்பப் பேருந்து இல்லை. விடுதியின் கதவு அதற்கு முன்பே பூட்டப்படும். மணமானவர்களுக்கோ ஆலை வேலைக்குப் பின் வீட்டில் இன்னொரு ஷிப்டு காத்திருக்கிறது. மாலை வகுப்பு என்ற வடிவமே ஆணின் மாலையை மனதில் வைத்து உருவானது. வாரத்தில் ஒரு பகலை ஊதியத்துடன் கல்லூரிக்கு ஒதுக்கும் முறைதான் அவர்களுக்கு உதவும். இது கற்பனையல்ல, பிரிட்டனின் தொழில்நுட்பக் கல்லூரிகளில் ஆலைகளிலிருந்து வாரம் ஒரு நாள் விடுவிக்கப்பட்டு வந்த பழகுநர்கள் பல பத்தாண்டுகள் படித்திருக்கிறார்கள். சோவியத் ஒன்றியம் 1919இலேயே தொழிலாளர் பயிலகங்களைத் தொடங்கியது. பின்னர் மாலை வகுப்பிலும் அஞ்சல் வழியிலும் படித்தவர்களுக்குத் தேர்வுக் காலத்தில் கூடுதல் ஊதிய விடுப்பைச் சட்டமாகவே வைத்திருந்தது.

சர்வதேச தொழிலாளர் அமைப்பு 1974இல் ஊதியத்துடன் கூடிய கல்வி விடுப்பு குறித்த 140ஆவது உடன்படிக்கையை ஏற்றது. இந்தியா இன்றுவரை அதை உறுதிப்படுத்தவில்லை. விடுப்பு கொடுத்தால் நாடு தாங்காது என்பார்களோ? ஒன்றிய அரசின் ஊழியர்களுக்கு 1972ஆம் ஆண்டு விடுப்பு விதிகளில் பணிக்காலம் முழுமைக்கும் 24 மாதங்கள்வரை கல்வி விடுப்பு உண்டு. நடைமுறையில் அதன் பயன் பெரிதும் அதிகாரிகளுக்கே போகிறது என்றாலும் அந்தக் கொள்கையை அரசு ஏற்றிருக்கிறது. தொழிற்சாலைகள் சட்டத்தின் கீழ் வந்த தொழிலாளிக்கோ இருபது நாள் உழைத்தால் ஒரு நாள் விடுப்பு. கல்யாணம், காரியம், காய்ச்சல், கல்லூரித் தேர்வு எல்லாவற்றுக்கும் அதுவே.

2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் நடைமுறைக்கு வந்துவிட்டதாக மோடி அரசு அறிவித்திருக்கிறது. தொழில் உறவுகள் தொகுப்பின்படி 300க்குக் குறைவான தொழிலாளர் உள்ள நிறுவனங்களில் நிலையாணைகள் கட்டாயமில்லை. எனவே நிலையாணையில் ஒரு பிரிவைச் சேர்த்துவிட்டால் போதும் என்று இருந்துவிட முடியாது. சங்கம் உள்ள ஆலைகளின் ஊதிய ஒப்பந்தங்களிலேயே இதை எழுத வேண்டும். கல்லூரிச் சேர்க்கைச் சான்றைக் காட்டும் தொழிலாளிக்கு, அவர் ஒப்பந்தத் தொழிலாளியாக இருந்தாலும், படிப்புக் காலம் முழுவதும் வகுப்போடு மோதாத ஷிப்டு. அந்நாட்களில் மிகைநேர வேலைக்குக் கட்டாயம் இல்லை. தேர்வுக்கு ஊதியத்துடன் விடுப்பு. கட்டணத்தை நிர்வாகம் ஏற்பது. தேறியபின் குறிப்பிட்ட காலத்திற்குள் கிரேடு உயர்வு. இவற்றில் முதலாவது நிர்வாகத்திற்கு ஒரு காசு செலவு வைக்காதது. அதையே மறுப்பார்கள் என்றால், மறுப்பது செலவுக்காக அல்ல என்பது வாயிலில் நிற்கும் எல்லோருக்கும் விளங்கிவிடும். அரசிடம் கேட்க வேண்டியவை வேறு: மாலைப் பட்டயத்துக்கும் பகல் பட்டயத்துக்கும் ஒரே கட்டணம், ஒப்பந்தத் தொழிலாளிக்கும் பட்டறைத் தொழிலாளிக்கும் சேரும் உரிமை, வருகைக் கணக்கில் ஷிப்டு வாரத்துக்கு விலக்கு, 140ஆவது உடன்படிக்கைக்கு ஒப்புதல்.

கோரிக்கைப் பட்டியல் தயாராகும் ஆலைகளில் உள்ள கிளைகள் அதற்கு முன் ஒரு வேலையை முடிக்கலாம். உங்கள் ஆலையில் இப்போது எத்தனை பேர் பட்டயமோ பட்டமோ படிக்கிறார்கள், எங்கே, என்ன கட்டணத்தில், எந்த ஷிப்டிலிருந்து போகிறார்கள், கடந்த மூன்று ஆண்டுகளில் எத்தனை பேர் பாதியில் நிறுத்தினார்கள் என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதுங்கள். நிரந்தரம், ஒப்பந்தம், பயிற்சியாளர் என்று மூன்று பத்திகள் போட்டுக்கொள்ளுங்கள். பயிற்சியாளர் என்ற மூன்றாவது பத்தியை நிரப்ப அவர்களின் விடுதிகளுக்குப் போக வேண்டியிருக்கும். மாலை ஏழு மணிக்குப் போனால் பாதிப் பேர் வேலையில் இருப்பார்கள், ஞாயிற்றுக்கிழமை காலையில் போங்கள்.